முதுகால் பார்த்த ஆட்டம்

நேற்று சிதம்பரம் மேலவீதியில் பலூன்காரர் ஒருவர் பீப்பீ ஊதினார். என் கால்கள் தாமாகவே அரைவட்டம் அடித்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றன. "யாரப் பாத்து ஒளியறீங்க?" என்றாள் மனைவி. உங்களிடம் சொல்வதற்கென்ன, அது முதுநகர்ப் பழக்கம்.

எனக்கு முதல் வேலை அங்கே, துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில். ஞாயிறானால் கால்பந்து. ஆட அல்ல, கத்த. ஊர் டீமுக்காகக் கத்தவென்றே இருபது பேர் 'நீலக்கைலி சங்கம்' வைத்திருந்தோம். எல்லோருக்கும் நீலக் கைலி, ஆளுக்கொரு பீப்பீ. காலி எண்ணெய் டின்னில் கொட்டடிப்பது நிசார். கம்பெனியில் ஐஸ் உடைப்பவன், என்னோடு ஒரே அறையில் இருந்தவன். தூக்கத்திலும் அவன் விரல்கள் தாளம் போடும்.

மூன்று ஆட்டங்களில் நான் கண்ணை அகல விரித்த நொடியில் எங்கள் வலைக்குள் பந்து விழுந்தது. நாலாவதுக்கு நான் போகவில்லை, அதிலும் தோற்றார்கள். சங்கம் கூடித் தீர்ப்பு சொன்னது: "இவன் வந்தே ஆவணும். ஆனா பாக்கக் கூடாது."

அன்றுமுதல் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். வேலியில் காயும் புடவைகள், அவற்றைத் தின்னப் பார்க்கும் ஆடு, இதுதான் எனக்குக் கால்பந்து. நிசார் இரக்கப்பட்டு டின்னை ஓரம் வைத்தான். என் முதுகிலேயே ஆட்டத்தை வாசித்தான். பந்து நடுவில் என்றால் தூறல். எதிரி கோல் பக்கம் போனால் அடைமழை. உள்ளே விழுந்தால் ஒரே குத்து.

சிதம்பரத்தில் இறுதி ஆட்டம். மறுநாள் நிசாருக்கு துபாய்ப் பயணம். அவனோடு நின்று ஒரே ஒரு கோலையாவது கண்ணால் பார்த்துவிடத் துடித்தேன். கடைசி நிமிடம், எங்களுக்குப் பெனால்டி.

"ஒரேவாட்டி திரும்பிக்கிறேன்டா மச்சான்."

"திரும்புனே, போறப்ப ரயிலுக்கு வெளிய தொங்கவுட்டுடுவானுங்க."

கழுத்து தவித்தது, திரும்பவில்லை. முதுகில் குத்து விழுந்தது. கோப்பை எங்களுக்கு.

ரயிலில் கேட்டேன்: "பந்து எந்த மூலையில போச்சி?"

நிசார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தெரியல மச்சான். நீ திரும்பிடுவியோன்னு உன் பிடரியவே பாத்துக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுச்சி, குத்திட்டேன்."

இப்போது அந்த முதுநகர் மைதானத்தில் வீடுகள். பிள்ளைகள் ஏதோ வெளிநாட்டு டீமின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு செல்போனைப் பார்த்துக் கத்துகிறார்கள். நான் எட்டிப் பார்த்தாலும் யாரும் விரட்டுவதில்லை. என் பார்வைக்கு இருந்த மரியாதையும் போயிற்று.

அந்த இறுதி ஆட்டத்துக்கு மறுநாள், முதுநகர் ஸ்டேஷன். நிசார் ஏறிய வண்டி அசைந்தது. கண் கலங்கியதை மறைக்க, பழகிய முதுகைக் காட்டி நின்றேன். ஜன்னலிலிருந்து நீண்ட கை தூறல் போலத் தட்டியது.

"இப்பவாச்சும் திரும்பு மச்சான். ஆட்டம் முடிஞ்சிடுச்சி."