மூன்றாவது டெர்மினல்

எண்பதுகளின் கடைசியில் தென்காசியை ஒட்டிய ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மில்லுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மெஷின் ஒன்றுதான், அதிலிருந்து வயர் இழுத்து நான்கு மேஜைகளில் திரையும் கீபோர்டுமாக நான்கு டெர்மினல்கள் வைத்திருந்தார்கள். மதுரையில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. அந்த மிதப்பு என்னிடம் நிறையவே இருந்தது.

மூன்றாவது டெர்மினலில் வடகரையிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுச் சேர்ந்தவள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அவளாகக் கற்றுக்கொண்டது அதிகம். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு அன்றைய உற்பத்தி விவரம் டெலிபோன் லைன் வழியாக மதுரைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். மெஷினின் பின்பக்கம் அந்த லைனைச் செருக ஒரு போர்ட் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதைப் பயன்படுத்த முடியும். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, போர்ட்டை வேறெதுவோ பிடித்திருக்கிறது என்று திரையில் வந்தது. செவ்வாயும் அப்படியே. மேனேஜர் டிரங்க் கால் போட்டு ஒவ்வொரு எண்ணாகக் கத்திப் படித்தார். புதன்கிழமை என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“என்னல, ஆருதான் அதப் புடிச்சு வச்சிருக்கா?”

அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. ஒரு கட்டளை கொடுத்தால் போர்ட்டைப் பிடித்திருக்கும் புரோகிராமின் எண் வரும். இன்னொன்று கொடுத்தால் அதை ஓடவிட்டவர் பெயர் வரும். பயிற்சி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டை எடுக்கவில்லை.

“மூணாவது டெர்மினலாத்தான் இருக்கும் அண்ணாச்சி. புரோகிராம விட்டு ஒழுங்கா வெளிய வராம எந்திரிச்சிருப்பாக” என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். “இல்ல சார். தெனமும் எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கேன்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க சார்.”

நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவளைக் குடோனுக்கு மாற்றினார்கள், நூல் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலைக்கு.

அன்று சாயங்காலமும் விவரம் போகவில்லை. மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் நோட்டைப் புரட்டினேன். எண் வந்தது. அடுத்த கட்டளைக்குப் பெயர் வந்தது. என் பெயர்.

போன சனிக்கிழமை லைன் அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. லைன் கிடைக்கும்வரை விடாமல் முயன்று பார்க்கும்படி சின்னப் புரோகிராம் ஒன்று எழுதி, பின்னணியில் ஓடவிட்டு, நண்பர்களோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டேன். திங்கட்கிழமை அதை மறந்தே போனேன். மெஷினை நாங்கள் அணைப்பதில்லை. லைன் கிடைத்த பிறகும் நிற்காமல், போர்ட்டையும் விடாமல், அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் விவரம் மதுரைக்குப் போய்விட்டது. மேனேஜர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியால, அந்தப் புள்ளைய மாத்துனதும் சரியாயிட்டு.”

நான் தலையாட்டினேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குடோனில் எல்லோரும் ஆண்கள். ஒரு மாதத்தில் அவள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்களாம் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் குற்றால சீசனில் ஐந்தருவி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கல்யாணமாகியிருந்தது. கணவர் மங்குஸ்தான் வாங்கப் போயிருந்தார். அவளே கிட்ட வந்து, “நல்லாருக்கீகளா சார்?” என்றாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கேட்டாள்: “அன்னைக்கு அதப் புடிச்சு வச்சிருந்தது ஆருன்னு தெரிஞ்சுதா?”

ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“மெஷின் கோளாறு. உங்க மேல தப்பு இல்ல.”

“அத அன்னைக்கே மேனேஜர்ட்ட சொல்லியிருக்கலாமே சார்.”

குரலில் கோபம் இல்லை. கணவர் பழப்பையோடு வந்தார். “எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்த சார் இவுகதான்” என்றாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.