ஓடும் முயல், உட்கார்ந்த முயல்

மாட்டு வியாபாரி பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வான் இல்லையா, அதுபோல நான் லேபிளைப் பார்த்து கிராமபோன் பிளேட்டின் வயசைச் சொல்லிவிடுவேன். கொடைக்கானல் பஜாரில் ரேடியோவும் கிராமபோனும் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. ஆனால் இந்த வித்தை கடைக்காக வந்ததில்லை. எல்லாப் பிளேட்டுக்கும் சொல்லத் தெரியும் என்றும் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு பாட்டு. அது என் வீட்டுக்காரி பாடிய காவடிப் பாட்டு.

முயல் படம் போட்ட சின்னக் கம்பெனி அது. சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் பழனியில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு மெட்ராசுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பாப்பாவுக்கு அப்போது எட்டு மாசம். பால்குடி மறக்காத பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? தூக்கிக்கொண்டு கொடை ரோட்டில் ரயில் ஏறினோம்.

ஏதோ பெரிய இடமாக இருக்கும் என்று போனால், வாடகை வீட்டில் ஓர் அறை, சுவரெல்லாம் கம்பளி தொங்குகிறது. அம்மாவைக் காணாவிட்டால் பிள்ளை வீட்டையே ரெண்டாக்கிவிடும் என்பதால், என்னையும் மூலையில் உட்கார விட்டார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாப்பாவை மடியில் வைத்திருந்தேன். பாட்டு முடிந்து, ஆர்மோனியம் கடைசிச் சுரத்தில் நிற்கும்போது பாப்பா குரல் கொடுத்துவிட்டாள். கம்பெனிக்காரர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அப்புறம் அவரே, "போகட்டும், பாட்டைப் பதிய இன்னொரு மெழுகுத் தட்டை எங்கே வீணாக்குறது? யார் காதுல விழப்போகுது?" என்று விட்டுவிட்டார்.

பிளேட்டு எங்கள் கைக்கு வந்தபோது பாப்பா இல்லை. அந்த ஆடிக் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ கூட எடுத்து வைக்கவில்லை. கொடைக்கானலில் தெருவுக்கொரு துரை காமிரா வைத்திருந்த காலம், நமக்குத்தான் அந்தப் புத்தி இல்லை.

அதனால் அந்தப் பிளேட்டின் கடைசி வளையத்தில்தான் எங்கள் பிள்ளை இருந்தாள். என் வீட்டுக்காரி நான் கடைக்குப் போனதும் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, பாட்டை விட்டுவிட்டு, முள்ளை நேரே கடைசியில் வைத்துக் கேட்பாள். மறுபடி வைப்பாள். மறுபடி கேட்பாள். நான் ஒருநாளும் அந்த இடத்தைக் கேட்டதில்லை. நான் இருக்கும்போது அவள் பிளேட்டை எடுத்தால், "கடையில சோலி கெடக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆம்பளை அழுதால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு வெட்டி வீம்பு.

அரக்கில் செய்த பிளேட்டை இரும்பு முள் சும்மா விடுமா? ஒருநாள் சாயங்காலம் வந்தால், வீட்டுக்காரி பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்ற இடமெல்லாம் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. கடைசி வளையம் மட்டும் சாம்பல் பூத்துப் போயிருக்கிறது. "வெறும் இரைச்சலா வருதுங்க. பாப்பா கேக்க மாட்டேங்கிறா" என்றாள்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கே? பழனி அடிவாரத்துல கடைக்குக் கடை அடுக்கி வச்சிருக்கான்" என்று மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதே நம்பர், அதே பாட்டு, அவள் பேர். லேபிள் மட்டும் பச்சையாக இருந்தது. அட, கலரை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதானே என்று வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் அதைப் போட்டாள். நான் வாசலில் நின்றேன். பாட்டு முடிந்தது. ஆர்மோனியம் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, "பாப்பாவத் தொடச்சு எடுத்துட்டாங்கங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்பா போய்ச் சில வருஷம் கழித்து, பழைய அச்சு தேய்ந்துவிட்டது என்று கம்பெனி என் வீட்டுக்காரியை மறுபடி கூப்பிட்டுப் பாட வைத்திருந்தது. நம்பரை மாற்றவில்லை. வாங்குகிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும், எனக்கும்.

அன்றிலிருந்து லேபிள் பைத்தியம் பிடித்தது. பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. முதலில் வந்த லேபிள் அரக்குச் சிவப்பு, தங்க எழுத்து, ஓடுகிற முயல். அடியில் பிரிட்டிஷ் இந்தியாவில் செய்தது என்று பொடி இங்கிலீஷ். வெள்ளைக்காரன் போனதும், அச்சடித்து வைத்த லேபிளைத் தூரப்போட கம்பெனிக்காரருக்கு மனசு வருமா? மெழுகுக்கே கணக்குப் பார்த்த மனுசன்! பிரிட்டிஷ் என்ற வார்த்தை மேல் மட்டும் கறுப்புக் கோடு அடித்து அதையே ஒட்டினார். அது தீர்ந்து, மறுபடி பாட வைத்த பிறகு வந்ததுதான் பச்சை. அதில் முயல் உட்கார்ந்துவிட்டது. ஆக, முயல் ஓடினால் பாப்பா இருக்கிறாள். உட்கார்ந்தால் இல்லை.

ஊரைவிட்டுப் போகிற துரைமார் வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கிற பாய் ஒருவர் பஜாரில் இருந்தார். பிளேட்டுப் பெட்டி வந்தால் எனக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார். "வாங்க மாப்ள, முயல் ஓடுதா படுத்திருக்கான்னு நீங்களே பாருங்க" என்று கேலி பண்ணுவார். காரணம் தெரிந்த பிறகு கேலியை விட்டுவிட்டு, அவரும் சேர்ந்து தேடினார். மலைக்குக் கீழே அடுக்கம் கிராமத்தில் ஒருவர் வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இறங்கிப் போனேன். அங்கேயும் பச்சைதான். அவள் ஒவ்வொரு தடவையும் என் கையைத்தான் பார்ப்பாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விடுவாள். கோயிலில்கூடப் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

அறுபதாம் வருஷம் பிறந்த பிறகு, கன்னிவாடிச் சந்தைக்குப் போயிருந்தேன். மாரியம்மன் திருவிழா. வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் காவடிப் பாட்டு அலறுகிறது. அவள் குரல்தான், ஆனால் கரகரவென்று கல்லுரலில் மாவாட்டுகிற மாதிரி. முடிவதற்கு முன்னாலேயே வெடுக்கென்று நின்றுவிட்டது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மைக்செட்காரரிடம் போனேன்.

பிளேட்டு களவு போகாமல் இருக்க அவர் தன் கடைச் சீட்டை லேபிள் மேலேயே ஒட்டியிருந்தார். கம்பெனி லேபிள் ஒரு மயிரிழைகூட வெளியே தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. துண்டை நனைத்து அவரே சீட்டின் மேல் வைத்தார். ஊறினதும் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அரக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் முயலின் பின்னங்கால் தெரிந்தது, தாவுகிற கால். கீழே கறுப்புக் கோடு.

"ஏன்ணே கடைசி வரைக்கும் ஓட விடல?" என்று கேட்டேன்.

"கடைசியில கர்ருபுர்ருன்னு இழுக்கும்லண்ணே. கூம்புல அது கேட்டா ஊரே வையும். எப்பவும் முன்னாலயே முள்ளத் தூக்கிருவேன். எங்க சோலியே அப்படித்தானே."

முருகா! பாட்டு முழுக்கத் தேய்ந்த பிளேட்டில் கடைசி வளையம் மட்டும் கன்னி கழியாமல் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் போட்டுக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். முதலில் பெற்றவள் கேட்க வேண்டும். "எடுத்துட்டுப் போங்கண்ணே, ஒரு பச்சையக் குடுத்தனுப்புங்க. எங்களுக்குக் காவடிப் பாட்டு இல்லாமத் திருவிழா ஓடாது" என்றார்.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு டிரைவரை வைதேன். "ஏன்யா, வண்டியில என்ன கோழிமுட்டையா ஏத்திருக்கு?" என்று அவர் திருப்பி வைதார்.

எங்கள் வீடு இருக்கிற செண்பகனூரில் இறங்கி உள்ளே போனதும் அவள் என் கையைப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள் போல. லேபிளை முகத்துக்கு நேரே நீட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புது முள் மாட்டினேன். வழக்கம்போலக் கால் வாசலுக்கு நகர்ந்தது. "இன்னைக்காவது இருங்க" என்றாள். இருந்தேன்.

முழுப் பாட்டும் ஓடியது. அவள் குரல் இருக்கிற இடமே தெரியவில்லை, ஒரே கரகரப்பு. அவள் அதைச் சட்டை பண்ணவே இல்லை. பிறகு இரைச்சல் திடீரென்று அடங்கியது. ஆர்மோனியம் தெளிவாக நின்றது. "ங்கா" என்றாள் பாப்பா. அழுகையில்லை, அம்மா பாட்டை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிற குரல். அதை முடிக்கவிடாமல், மேலேயே ஓர் ஆம்பளைச் சத்தம் விழுந்தது.

"உஸ்ஸ்!"

எனக்கு ஒரு கணம் யாரென்று விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. என் பிள்ளை குரல் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பதே அவ்வளவுதான். அதிலும் பாதி, நான் அவளை வாயை மூடச் சொல்வது.

நாலு பேராவது எட்டுப் பேராவது, விக்கி விக்கி அழுதேன். "ஒங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அதுல இருக்கீங்கன்னுதானே நான் தெனமும் கேட்டேன்" என்றாள். என் முதுகைத் தடவிவிட்டு, "வையலையேங்க. உஸ்ஸுன்னுதானே சொன்னீங்க. பிள்ளைய மடியில வச்சிருக்கவன் வேறென்ன சொல்லுவான்?" என்றாள்.

இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன். முள்ளை அவளே தூக்கினாள்.

"வேணாங்க. தேஞ்சு போயிருவா."