முள்ளைச் சாய்த்த எலுமிச்சம்பழம்

ஆந்திரா தனி மாநிலமான புதிதில், எங்கள் பாலசமுத்திரத்தைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி ஊரே கையெழுத்திட்ட மனுவை, மாலை ஐந்துக்குள் சித்தூர் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டியிருந்தது. என் பழைய காரில் நாலு பேர் கிளம்பினோம்.

சித்தூரை நெருங்கும்போது ஒரு பள்ளம். முக்கால் டாங்கு காட்டிய பெட்ரோல் முள் சட்டென்று காலிக்கு விழுந்தது. டாங்கு ஓட்டையாகிவிட்டது என்று அலறி எஞ்சினை நிறுத்தினேன். மச்சான் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தேன். மூவரும் வேட்டியை மடித்துக் கட்டி, பெட்ரோல் பங்க் வரை ஒரு மைல் தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குத்தான் அதிக வேர்வை.

பங்க்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "முக்கால் டாங்கு கீது நைனா. எதுக்குத் தள்ளிக்கினு வந்தீங்க?"

மச்சான் முள்ளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். திருஷ்டிக்காக நான் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது அதன் ஒயரில். பள்ளத்தில் குலுங்கிய பழம் ஒயரைப் பிடுங்கியிருந்தது.

"நாங்க தள்ளினது காரை இல்ல மாமா, உன் பழத்தை" என்றான்.

ஆபீஸ் மூட ஐந்து நிமிடம் இருக்கையில் மனுவைக் கொடுத்தோம். ஊர் இன்னும் ஆந்திராவில்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழம் மட்டும் முன் பம்பருக்கு இடம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் கிளம்புமுன் டாங்குக்குள் மூங்கில் குச்சி விட்டுப் பார்க்கிறேன். நனைந்த குச்சியை நான் காட்டாமல் மச்சான் வண்டியில் ஏறுவதில்லை.