நூறு டாலர்க்காரரின் நெற்றி

அண்ணனைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தபோதுதான், மதுரையில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மாவும் நானும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் பாரிஸில் ஒன்பது மணி நேரக் காத்திருப்பு. "என் முகத்தைப் பாத்துட்டுத்தான் ஆப்பரேஷனுக்கு உள்ளே போவேன்னு உங்கப்பா சொல்லியிருக்கார். லா ஷபேல் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுப் போவோம்டி" என்றாள் அம்மா. லா ஷபேல், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி. போகும்போது பாரிஸில் மூன்று நாள் தங்கியதால் பலமுறை நுழையும் விசா இருந்தது. அது இல்லாதவர்கள் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையம் வரை ரயிலில் ஆளுக்குப் பதின்மூன்று யூரோ, முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து கோயிலுக்குக் கால் மணி நேர நடை. கையிலிருந்த கடைசி யூரோக்கள் தேங்காய்க்கும் அர்ச்சனைக்கும் போயின. கார்டு இருக்கிறதே என்ற தைரியம்தான். திரும்பும் வழியில் பணம் எடுக்கப் போனால் இயந்திரம் கார்டை விழுங்கிவிட்டது. வங்கி பூட்டிக் கிடந்தது.

மணி பதினொன்றரை. நான்கு மணிக்கு விமானம், ஒரு மணிக்குள் ரயில் ஏறியாக வேண்டும். இதைத் தவறவிட்டால் மறுநாள்தான் இடம். அதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு டிக்கெட்டுக்கு இருபத்தாறு யூரோ இல்லாமல் நடுத்தெருவில் நின்றோம். அண்ணனுக்கு அங்கே இன்னும் விடியவில்லை, போனை எடுக்கவில்லை.

"டாலர் இருக்குல்ல" என்று அம்மா பையிலிருந்து இரண்டு நூறு டாலர் நோட்டை எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே பணம் மாற்றும் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நோட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், திருப்பித் தள்ளினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு நோட்டிலும் இருந்த மனிதருக்கு, நடு நெற்றியில் குங்குமப் பொட்டு.

"வெள்ளிக்கிழமை பூசையில வச்சேன். அம்புட்டுப் பெரிய நெத்தி, வெறுமனே இருந்துச்சு" என்றாள் அம்மா. நான் தெருவிலேயே கத்திவிட்டேன். அவள் முந்தானையால் பொட்டைத் துடைத்தாள், அது நெற்றி முழுக்கச் சிவப்பாகப் பரவியது.

லா ஷபேலுக்கே திரும்பி ஓடினோம். நகை விற்று, பணமும் மாற்றிக் கொடுக்கும் ஒரு தமிழ்க் கடை. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட கடைக்காரர், இலங்கை மன்னார்க்காரர், நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நோட்டு நல்ல நோட்டுத்தான் அம்மா. ஆனா கறை பட்டதை நான் குடுக்கிற இடத்திலை எடுக்கமாட்டினம். இனித் துடையாதேங்கோ."

அம்மா பர்ஸைக் கவிழ்த்து அமெரிக்கச் சில்லறையைக் கொட்டினாள். அவற்றில் எண்ணே கிடையாது, தலைதான் இருக்கும். பத்து சென்ட் காசு ஐந்து சென்ட்டைவிடச் சிறியது வேறு.

"காசை ஒருத்தரும் மாத்தமாட்டினம். சின்ன நோட்டு ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுபவர்களுக்குக் கொடுக்க அண்ணன் தந்தவை. ஐந்து டாலர் நோட்டு மூன்று, ஒற்றை டாலர் நோட்டு இருபது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இதுகளுக்குப் பொட்டு வைக்கேல்லையோ?"

"ஒத்த டாலருக்கெல்லாம் யாருப்பா பொட்டு வைப்பா?"

அவர் சிரித்துக்கொண்டே இருபத்தாறு யூரோ அறுபது சென்ட் எண்ணி வைத்தார். டாலருக்கு எழுபத்தாறு சென்ட், மட்டமான விலைதான். கையெடுத்துக் கும்பிட்டேன். பன்னிரண்டே முக்கால் ரயிலில் ஏறினோம்.

டாலரோடு பயணம் போகிறவர்களுக்கு: சிறிய நோட்டுகளும் கொஞ்சம் வைத்திருங்கள். நோட்டில் பொட்டு, எழுத்து, முத்திரை எதுவும் வேண்டாம். நூறு என்று அச்சடித்திருந்தாலும், முகம் சுத்தமாக இருந்தால்தான் வெளியூரில் அது நூறு. சில்லறைக் காசை அமெரிக்காவிலேயே செலவழித்துவிடுங்கள். இரண்டாவது கார்டு ஒன்று தனிப் பையில் இருக்கட்டும்.

மதுரையில் நேராக மருத்துவமனைக்குப் போனோம். அப்பாவை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டுபோகும் வண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினார். அம்மா லா ஷபேல் கோயில் குங்குமத்தைப் பிரித்தாள்.

"உள்ளே போனதும் துடைச்சிடுவோம்மா" என்றார் நர்ஸ்.

"துடைச்சுக்கோங்க" என்ற அம்மா, விரலில் குங்குமத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கும் கத்துவியா?"

நான் அப்பாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிப் பிடித்தேன்.