தங்கைக்குக் கொடுத்த ரத்தம்

“மஞ்சக்காமாலை எப்பவாவது வந்திருக்கா?” என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர் கேட்டார். “இல்ல சார்” என்றேன். பொய்.

ஒன்பது வயதில் வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள், உப்பில்லாமல் பத்தியம் இருந்தேன், இறங்கிவிட்டது. இறங்கிப்போனதைப் பற்றி இப்போது என்ன பேச்சு? அதோடு, சொன்னால் என் ரத்தம் வேண்டாம் என்பார்களோ என்று பயம். உள்ளே என் தங்கை பிரசவத்தில் ரத்தமெல்லாம் போய்க் கிடந்தாள். அவள் புருஷன் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மயிலாப்பூரில் ஒரு தெரு விடாமல் சொல்லித் திரிந்தேன். அவள் எனக்கு மேல். சாந்தோமில் மீன் விற்கும்போதுகூட, “என் ஒடம்புல ஓடறது எங்கண்ணன் ரத்தம்” என்பாளாம்.

மூன்றாம் மாதம் அவள் கண் மஞ்சளித்தது. நான்தான் கீழாநெல்லி பறித்துக்கொண்டு ஓடினேன். அவளுக்கும் இறங்கியது. அதற்கும் பெருமைப்பட்டேன், முட்டாள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, கிண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ரத்ததான முகாம் போட்டார்கள். முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். பத்து நாளில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். புதிதாக ஒரு பரிசோதனை வந்திருக்கிறதாம். காமாலைக் கிருமி என் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது, சிலருக்கு அது போவதே இல்லை என்றார்.

“உங்களுக்கு ஒண்ணும் பண்ணாம இருக்கலாம். ஆனா இனிமே யாருக்கும் ரத்தம் கொடுக்காதீங்க.”

“முன்னாடி குடுத்திருந்தா?”

“யாருக்கு?” என்று நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அப்போது தங்கைக்கு வயிறு வீங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். குடிக்காத பொம்பளைக்கு எப்படி ஈரல் கெடும் என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்டவன் நான்.

அடுத்த மாதம் அவள் ரத்தமாக வாந்தியெடுத்தாள். கட்டிலருகே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரத்தம் ஏத்தணுமாம்ண்ணா. நீயே குடு. வேற எவன் ரத்தமும் எனக்கு வாணாம்.”

“என்னுது எடுக்க மாட்டாங்கம்மா.”

“இன்னாத்துக்கு?”

“வயசாயிடுச்சாம்” என்றேன். எனக்கு அப்போது முப்பத்தாறு.

நம்பினாளோ என்னவோ, என் கையைத் தடவிக்கொடுத்தாள். “வுடுண்ணா. அன்னிக்கு நீ குடுத்ததாலதான எம்புள்ள ஸ்கூலுக்குப் போறதப் பாத்தேன்.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள், எனக்கு நன்றி சொன்ன வாயோடு.