முன்கூட்டியே சிரித்த சித்தி

என் சித்தி சிரிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் முன்வரிசை நடு நாற்காலி அவருடையது. அவர் சிரிப்பு குக்கர் விசில் மாதிரி. அது கிளம்பினால்தான் மற்ற வரிசைகளும் கிளம்பும். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டு அவர் வீட்டில் தங்கியிருந்த நானும் துணைக்குப் போய்ப் பின்னால் உட்காருவேன்.

அங்கே ஜோக்குக்கு முன்னாலேயே சிரிப்பைப் படம் பிடித்துவிடுவார்கள். கையாட்டி என்று நாங்கள் அழைத்த உதவியாளர் கையைத் தூக்கினால் சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். பிறகு தேவையான இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். வாரம் ஒரு கூட்டத்தாருக்கு அர்ச்சனை நடக்கும். ஒரு வாரம் குண்டுப் பெண்கள், ஒரு வாரம் கறுத்தவர்கள், ஒரு வாரம் காது கேளாதவர்கள்.

"நமக்கென்னடி, சிரிச்சா தொப்பை குறையுது" என்பார் சித்தி.

சித்தப்பா தையற்காரர். திக்குவாய். எங்கள் குடும்பத்திலேயே பெரிய ஜோக்குக்காரரும் அவர்தான். சாப்பிட உட்கார்ந்தால் தினம் ஒன்று சொல்வார். அது முடிவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். சித்தி சொல்லெடுத்துக் கொடுக்க மாட்டார். முடிவு தெரிந்தாலும் முந்திக்கொள்ள மாட்டார். கடைசிச் சொல் விழுந்த பிறகுதான் விசில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் நிகழ்ச்சி பார்த்தோம். அந்த வாரம் திக்குவாய்க்காரர்களின் முறை. சிரிப்பு மன்னர் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட நடிகர் தீயணைப்பு நிலையத்துக்குப் போனில் திக்கித் திக்கிப் பேசி முடிப்பதற்குள் வீடே சாம்பலாகிவிட்டது. உடனே திரை நிறையச் சித்தியின் முகம். கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறார்.

"ஐயோ, இது அதுக்குச் சிரிச்சதில்லைங்க!"

"அ... அப்ப எ... எதுக்கு?"

"கையைத் தூக்கினான். சிரிச்சேன்."

சித்தப்பா எழுந்து போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஜோக் இல்லை. உப்பு, தண்ணீர் என்று கேட்பதோடு சரி.

நான் பஞ்சாயத்துக்குப் போனேன். "சித்தி, நீங்க அந்த ஜோக்கையே கேக்கல. உங்க மேல என்ன தப்பு?"

"சிரிப்பு என்னுதுதானேடி?"

எங்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த படப்பிடிப்பில் கை உயர்ந்தது. சித்தி வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்தே பழகிய அரங்கமும் கப்சிப்.

"அக்கா, சிரிங்கக்கா!"

"ஜோக்கைச் சொல்லச் சொல்லு தம்பி. நல்லா இருந்தா சிரிக்கிறேன்."

"முதல்ல சிரிப்பு, அப்புறம்தானே ஜோக்கு? என்னமோ புதுசா வந்த மாதிரி பேசறீங்க!"

"எங்க வீட்டுல வேற மாதிரி பழக்கம்பா."

பாதி மேக்கப்பில், ஒரு கன்னம் சிவந்தும் மறு கன்னம் வெளிறியும் சிரிப்பு மன்னர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பல்லு வலியா?"

யாரும் சிரிக்கவில்லை. கையாட்டி கையை இறக்க மறந்து நின்றார். அத்தோடு நாற்காலி போயிற்று. எனக்கும்தான்.

சாப்பிடும்போது சித்தி எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் லேசாகக் குலுங்கியது.

"அ... அந்த ம... மன்னர் மூ... மூஞ்சி..."

சித்தி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு தொண்டை வரை வந்தது.

சித்தி என் காலை நறுக்கென்று மிதித்தார்.