வேறு ஒருவரும் கேட்கவில்லை

அந்த மனிதன் அளவு நாடாவை எடுத்து என் மகளின் கையை அளந்தானே, அப்போதே அவனை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. "இன்னொண்டு எடுங்கோ" என்று ரோல்ஸ் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் பிடிக்கிறவன். உதவிப் பயிற்றுனர் என்று அட்டையில் போட்டிருந்தது. வேலை என்னவோ ஊர் ஊராகப் போய் உயரமான பிள்ளைகளைத் தேடுவதுதான். எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், மூன்றாம் மாடி. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இருத்தி, துடைத்து, தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை எனக்கு. மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆறடி ஒரு அங்குலம். எங்கள் சனத்துக்குள் அந்த உயரத்துக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை, "உவளுக்கு எங்கை மாப்பிள்ளை பிடிக்கப் போறியள்?" என்ற கேள்விதான். கேட்டவர்களுக்குப் பல்லைக் காட்டிவிட்டு வந்து, வீட்டில் சட்டி பானைகளோடு கோபத்தைத் தீர்த்திருக்கிறேன்.

அவளுக்கு வேண்டியது பந்தும் பிசியோதெரபிப் படிப்பும். இங்கே அந்தப் படிப்புக்குக் கேட்கிற புள்ளி அவளுக்கு வரவில்லை. விடிய எழும்பிப் பயிற்சி, பின்னேரம் ஆட்டம், இடையில் வகுப்பு, எங்கேயிருந்து வரும்? அந்தக் கல்லூரிக்குப் போனால் இரண்டும் கிடைக்கும், செலவு முழுவதையும் அவர்களே பார்ப்பார்கள் என்று பேச்சு. வேறு மூன்று கல்லூரிகளும் அவளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து வாரம் தவறாமல் போன் வரும். கொஞ்சம் பொறுங்கள் என்று மூன்றுக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவள் மனம் விழுந்தது இவனுடைய கல்லூரியில்தான்.

அவன் வருகிறான் என்றதும் நான் லீவு போட்டேன். வீட்டைக் கழுவினேன். செற்றி நாற்காலிகளுக்குப் புது உறை. ரோல்ஸ், கட்லட், கேக்.

"அம்மா, அவர் சாப்பிட வரேல்லை."

"வீட்டுக்கு வாற ஆளை வெறும் வாயோடை அனுப்புறதோ? நீ சும்மா இரு. அந்த நீலச் சுடிதாரைப் போடு."

அவள் பார்த்த பார்வையில் சுடிதார்க் கதையை விட்டுவிட்டேன். ஆனால் மனதுக்குள் எனக்கு அந்த ஒரு முறைதான் தெரியும். வெளியாட்கள் வருவார்கள், பிள்ளையைப் பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், பேந்து முடிவு சொல்லி அனுப்புவார்கள்.

அவனும் அதற்குக் குறைவில்லாமல்தான் நடந்துகொண்டான். கையை விரிக்கச் சொல்லி அளந்தான். உள்ளங்கையை விரித்துப் படம் எடுத்தான். என் மனுசனின் உயரத்தைக் கேட்டான். என்னையும் எழும்பி நிற்கச் சொன்னான், நானும் நின்றேன்! பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். முழங்காலில் நோ இருந்ததா, எலும்பு முறிந்ததா, எத்தனை மணித்தியாலம் நித்திரை. கடைசியில், எந்த வயதில் பெரியபிள்ளை ஆனாள் என்று கேட்டான். இன்னும் வளருவாளா என்று பார்ப்பதற்காம்.

என் மனுசன் எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிட்டார். சீ என்று வந்தது எனக்கு. ஆனால் அதே செய்தியைக் கார்ட் அடித்து, மண்டபம் எடுத்து, சாமத்தியவீடு என்று பூப்பு விழா செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவள் நான்தானே. அந்தச் சீயில் பாதி என்மேல் விழுந்தது. பன்னிரண்டு என்றேன். எழுதிக்கொண்டான்.

அதன் பிறகுதான், பேனாவை மூடிவிட்டுச் சும்மா கேட்பதுபோல, அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டான்: "வேறு கல்லூரிகள் யாராவது இவளைக் கேட்டிருக்கிறார்களா?"

எங்களுக்குள் இதற்குப் பதில் ஒன்றுதான். ஒரு மாப்பிள்ளைப் பகுதி வீட்டுக்கு வந்து இருக்கும்போது, இன்னொரு பகுதியும் வந்து விசாரித்தது என்று வாய் திறக்கக் கூடாது. பிள்ளையை நாலு இடத்தில் காட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று நினைப்பார்கள். போதாததற்கு நாவூறு. கைக்கு வந்து சேராத நல்லதைச் சொன்னால் அது வராமலே போய்விடும் என்று என் தாய் வழியில் எல்லோருக்கும் பயம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னேன்: "இல்லை சேர். வேறு ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல்."

பக்கத்தில் இருந்த மகள் தலை குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வளர்ப்பு என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அவன் போகும்போது இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனான்.

மூன்று கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. முழு உதவித்தொகை, வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் போய்விட்டதாம். இவள் விரும்பினால் முதல் வருடம் சொந்தச் செலவில் வந்து சேரலாமாம், பிறகு பார்க்கலாமாம். எங்களால் முடிகிற காரியமா அது? இங்கே இவளைப் பழக்குகிற ஹெய்ட்டிக்காரி, நல்ல மனுசி, உடனே அவனுக்குப் போன் எடுத்துக் கிழித்தாள். அவன் சிரித்தானாம். யாரும் கேட்காத பிள்ளை என்று தாயே சொன்னாளே, எப்படிக் கொடுத்தாலும் வருவாள் என்றல்லவா நினைத்தேன் என்றானாம்.

கோதாரி விழுவான். என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, என் வாயாலேயே என் பிள்ளையின் விலையைக் குறைத்துவிட்டான். மீன் விற்கிற மனுசிக்குக்கூட, "காலமை மூண்டு பேர் கேட்டுட்டுப் போட்டினம்" என்று சொல்லத் தெரியும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மற்ற மூன்று கல்லூரிகளும் அந்த மூன்று கிழமைக்குள் இடத்தை நிரப்பிவிட்டன. அங்கேயும் மாறி வந்த பெரிய பிள்ளைகள்தான். வாரம் தவறாமல் போன் எடுத்தவன் இவளுடைய போனைத் திருப்பி எடுக்கவே இல்லை. எல்லாம் ஒரே சாதிச் சனம்.

பிறகு வந்தான், கழகங்களுக்கு ஆட்டக்காரரைப் பிடித்துக் கொடுக்கிற முகவர் ஒருவன். ஐரோப்பாவிலிருந்து, போனில் தேன் வடிகிற குரல். ஹங்கேரியில் ஒரு கழகமாம், பத்து மாத ஒப்பந்தமாம், சம்பளமாம், இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வீடாம். தாள் வந்ததும் நான் வரி வரியாக வாசிப்பித்துக் கேட்டேன். காயப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆட முடியாவிட்டால் அனுப்பிவிடுவார்களாம். ஆஸ்பத்திரியில் பழைய கட்டில் விரிப்பைக்கூட நாங்கள் அவ்வளவு சுளுவாக எறிவதில்லை. சம்பளத்துக்கு ஆடக் கையெழுத்து வைத்தால் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் இனிமேல் சேர்க்கமாட்டார்கள், அந்தப் படிப்பும் அத்தோடு போனதுதான் என்று ஹெய்ட்டிக்காரி சொல்லிவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. விளையாட்டை விட்டிட்டு இங்கை ஏதாவது படி."

"ஏதாவது எண்டால் என்னம்மா?"

நான் சட்டி பானைகளைக் கழுவப் போனேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். ஆள் பிடிக்க வந்தவனை, முகவரை, அந்தப் படிவத்தை, பந்தைக் கண்டுபிடித்தவனை. திட்டிக்கொண்டு போகையில் திடீரென்று ஒன்று உறைத்தது. இவள் இந்த ஆட்களோடு இரண்டு வருடமாகக் கதைக்கிறவள். எனக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நான் ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லேக்குள்ளை நீ பக்கத்திலைதானே இருந்தனீ? அது பிழையான பதில் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

"அப்ப மூண்டு இடம் கேட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாயில்லையோ? உன்ரை படிப்பெல்லே!"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திகதியைப் போட்டாள்.

"சொல்லியிருக்கலாம் அம்மா. அவன் உடனை உங்களைத் திரும்பிப் பாத்திருப்பான். பொய்க்காரியைப் பாக்கிற மாதிரி, எங்கடை வீட்டுக்குள்ளையே இருந்துகொண்டு. எனக்கு அதைப் பாக்கேலாது."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அதன் பிறகு அன்றைக்கு நான் ஒருவரையும் திட்டவில்லை.